கச்சான்

மரிசால் அண்ணன் சொன்னார்,
"கச்சான் தொடங்கிட்டுது, இனிச் சரிவராது."
நான் கடலையை நினைத்தேன்.
கல்கிசைக் கரையில் கடதாசிச் சுருளில்
சூடாக விற்பார்களே, அந்தக் கச்சான்.
அவர் துடுப்பால் காட்டியதோ
தென்மேற்கே தண்ணீரில் ஒரு கறுத்த கோடு.
காற்றுக்கும் அதே பெயராம்.

அத்தோடு எங்கள் பருவம் முடிந்தது.
நேற்றுத்தான் செம்மஞ்சள் மிதவையின்
காற்றைப் பிதுக்கி அலுமாரியில் வைத்தேன்.
உப்பு உதிர்ந்தது,
வருமானவரிக் கோப்புகளின் மேல்.

பத்தொன்பது வருஷம் வெள்ளவத்தையில்
கடலுக்கு முந்நூறு அடியில் இருக்கிறேன்.
கடல் என்றால் எனக்கு
துருப்பிடிக்கிற யன்னல் கம்பி,
காயாத துவாய்,
கோச்சி போனபிறகும் கொஞ்சநேரம் கேட்கிற இரைச்சல்.
மற்றப்படி, வீட்டுக்காரர்
வாடகையைக் கூட்டச் சொல்கிற காரணம்.

நவம்பர் கடைசிச் சனி, விடிய ஐந்தரை.
ஆறு பேர்,
கட்டை கட்டிவிட்ட மாடுகள் மாதிரி
இடுப்பில் ஆளுக்கொரு மிதவை.
வழிகாட்டி லக்மினிக்கு
என் மகனைவிட நாலே வயது கூட.
அவளிடம் தமிழில் மூன்று சொல் இருந்தது:
மூச்சு. மெதுவா. பார்.
என்னிடம் தடாகத்தில் படித்த நீச்சல் இருந்தது.
தடாகத்தின் அடியில் நீலக்கோடு போட்டிருப்பார்கள்,
அதைப் பிடித்துக்கொண்டே போய்விடலாம்.
இங்கே பச்சை.
அதன் கீழே
இன்னும் கறுத்த பச்சை.

ஆறு வீச்சுக்கு ஒருதரம் தலையைத் தூக்கிப்
பார்.
தெளிந்த நாளில் தாமரைக் கோபுரம்,
புகார் மூடிய நாளில்
தெஹிவளையில் யாரோ மொட்டைமாடியில் காயப்போட்ட
சிவப்புப் போர்வை.
போர்வையை நம்பிப் போனோம்.
பாதி வழியில் அதை எடுத்துவிட்டார்கள்.
ஃபர்ஸானா நடுக்கடலில் விழுந்து விழுந்து சிரித்து
இரண்டு மிடறு குடித்தாள்.

தை மாதம் சொறிமுட்டை வந்தது.
தயாநிதியின் கழுத்தில் சாட்டை அடித்த மாதிரி.
அவர் அதற்குப் பிறகு வரவில்லை,
வாட்ஸ்அப்பில் மட்டும் சனிக்கிழமைகளில்
ஒரு கும்பிடு.

எனக்கு இடப்பக்கம்தான் மூச்சு வரும்.
கல்கிசையிலிருந்து வடக்கே நீந்தினால்
இடப்பக்கம் முழுக்கக் கப்பல்.
துறைமுகத்துக்குக் காத்துக்கிடக்கிற கப்பல்கள்,
ஒன்றின் பெயரைக்கூட வாசித்திருக்கிறேன்,
பாதி மட்டும்.
கரை வலப்பக்கம்.
நான்கு மாதம் கரையோடு கரையாக நீந்தி
கரையைப் பார்க்காமலே போனவள் நான்.

கடைசி நாள்,
கல்கிசையிலிருந்து வெள்ளவத்தை வரை.
படகைத் தொட்டால் தூரம் கணக்கில் சேராது.
தெஹிவளைக் கால்வாய் வாயில்
தண்ணீர் பழுப்பாகி எதிர்த்துத் தள்ளியது.
கை வீசுகிறேன், வீசுகிறேன்,
ஒரே தென்னை, ஒரே குப்பைமேடு,
மறுபடி அதே தென்னை.
தொட்டேன்.

"இரு," என்றாள் லக்மினி.
நாலாவது சொல்.
எங்கே பொறுக்கினாளோ.

இருந்தேன்.
மரிசால் அண்ணன் போத்தல் மூடியில்
இஞ்சிப் பிளேன்ரீ ஊற்றித் தந்தார்.
நடுங்கிக்கொண்டு வலப்பக்கம் திரும்பினால்,
கொழும்பு.
கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு
பல் விளக்குகிற கொழும்பு.
குசினிப் புகைபோக்கி, கழிவுக் குழாய்,
கோச்சிக் கதவில் தொங்கிக்கொண்டு
எங்களுக்குக் கை காட்டுகிற பொடியன்கள்.
பிறகு, நாலாம் மாடியில்,
வெயில் படாத பக்கம்,
என் துவாய்.
என் வீடு இவ்வளவு சின்னதென்றோ
இவ்வளவு நாளும் இந்தப் பக்கம்தான்
பார்த்துக்கொண்டிருந்தது என்றோ
எனக்கு யாரும் சொல்லவில்லை.

மற்ற நாலு பேரும் முடித்தார்கள்.
படம் எடுத்தபோது நானும் நின்றேன்.
சான்றிதழில் என் தூரம்
இரண்டு தசம் ஆறு.
கணக்காளி நான், அதைத் திருத்தவில்லை.

இப்போது மே.
இரவில் கடல் தண்டவாளக் கல்லில் ஏறி விழுகிறது.
அலுவலகத்தில் நீண்ட பட்டியலைச் சரிபார்க்கையில்
ஆறாவது வரியில் தலை தானே எழும்புகிறது.
எதிரே குளிரூட்டி,
ஜெயசேகரவின் பின்மண்டை,
சுவரில் நாட்காட்டி.
ஆனாலும் பார்க்கிறேன்.

நவம்பருக்கு ஆறு தாள்.