பத்து மணிக்குள்

போன் எந்த நாள் அடிக்கும் என்று சொல்ல மாட்டார்கள்.
அதுதான் கணக்கு.
அடித்தால் மறுநாள் பத்து மணிக்குள்
குடியாத்தத்திலிருந்து நான் வேலூரில் இருக்க வேண்டும்,
மூத்திரத்தை அடக்கிக்கொண்டு.

பள்ளிகொண்டா பாலத்தில் முட்டும்.
கீழே பாலாறு எதையும் அடக்கவில்லை.
அதனிடம் ஒன்றும் இல்லை.

கழிப்பறைக் கதவைச் சாத்தக் கூடாது.
பின்னால் தேவநேசன் நிற்பான்,
நீலக் கையுறை, என் மகன் வயசு.
ஓர் ஆள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தால்
வழிநெடுக முட்டியது வராது.
"இன்னா சார், கொழாயத் தொறந்து வுடட்டா?"
தண்ணீர்ச் சத்தத்தில் உடம்பு ஏமாறும்.
கப் சூடாகும்.

மூத்திரத்துக்கு மூன்று நாள் ஞாபகமாம்.
இரத்தத்துக்கு மூன்று நான்கு வாரம்.
நான் மறந்த ஞாயிற்றுக்கிழமைகளை
எனக்குள்ளேயே ஒருவன் உட்கார்ந்து
சீட்டுக் கம்பெனி நோட்டு மாதிரி எழுதுகிறான்.

இருமல் டானிக் கூடாது.
கையில் தேய்க்கும் சானிடைசர் கூடாது.
லாரிக்குப் பெயின்ட் அடிக்கிறவன் நான், தின்னர் பக்கம் போகக் கூடாது.
பழைய சோறு கூடுமா என்று கேட்டேன்.
சிரித்தார்கள். பதில் சொல்லவில்லை.

ராத்திரி விளக்கை அணைக்குமுன்
குமுதவல்லி என் வாயருகே குனிவாள்.
முப்பது வருஷத்தில் இவ்வளவு பக்கத்தில் அவளாக வந்ததில்லை.
வெளியாள் பார்த்தால் முத்தம் என்பான்.
மூச்சை இழுத்து
ஒரு நொடி உள்ளே வைத்திருப்பாள்.
பிறகு தினக்காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்து
பின்பக்கம் எண் எழுதி
ரேஷன் ரசீது குத்துகிற கம்பியில் குத்துவாள்.
நூற்றுப் பதினொன்று வரை குத்தினாள்.

மறுநாள் சம்பங்கிராமன் செத்துப்போனான்.
வரிசையில் எனக்கு முன்னால் இருந்தவன்.
பதினான்கு மாதம் ஒரு சொட்டுத் தொடாதவன்.
எல்லாக் கப்பிலும் சுத்தம்.
கொண்டசமுத்திரத்தில் எடுத்தார்கள்.
மேளக்காரர்கள் பக்கமிருந்து யாரோ
பிளாஸ்டிக் டம்ளரை நீட்டினான்.
குவார்ட்டரில் பாதி இருக்கும், தண்ணீர் கலக்காதது.

ஓர் இடம் முன்னால் நகர்ந்துவிட்டோம் என்று
சுடுகாட்டில் எனக்கொரு நினைப்பு வந்தது.
அதைக் கழுவத்தான் குடித்தேன் என்று சொன்னால்
நம்பாதீர்கள்.
குடிக்கத்தான் குடித்தேன்.

அன்றும் குனிந்தாள்.
அந்த ஒரு நொடி நீண்டுகொண்டே போனது.
தாளைக் கிழிக்கவில்லை.
திரும்பிப் படுத்தாள்.

விடிந்ததும் போன் அடித்தது.

எந்த நாள் என்று தெரியாத போன்.
அவளைப் பார்த்தேன்.
முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்,
காம்பு ஒரு பக்கம், இலை ஒரு பக்கம்.
நான் கேட்கவில்லை.
இன்றுவரை கேட்கவில்லை.

நாளைக்கு ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீர் கூடாது எனக்கு.
அன்று நான்கு லிட்டர் குடித்தேன்.
கால் வீங்கி, செருப்பின் வார் பதிந்தது.
அந்தக் காலோடுதான் ஆஸ்பத்திரி மாடி ஏறினேன்.

ஜெசிந்தா மேடத்திடம்
கப்பை வாங்குமுன் சொல்லிவிட்டேன்.
சாவு வீடு, டம்ளர், பாதி குவார்ட்டர்.
எழுதிக்கொண்டே இருந்தார். தலை நிமிரவில்லை.
"நீங்களா சொன்னது நல்லதுங்க முனிரத்தினம்" என்றார்.
கப்பை என் பக்கம் நகர்த்தினார்.

அன்று தேவநேசன் குழாயைத் திறக்க வேண்டியிருக்கவில்லை.

ஆறு மாதம் தள்ளி வைத்திருக்கிறார்கள்.
அடிக்கவில்லை, தள்ளித்தான் என்று இரண்டு முறை சொன்னார்கள்.
ஈரலுக்கு அந்த வித்தியாசம் தெரியுமா என்று
மூன்றாவது முறை கேட்கத் தோன்றியது.

வீட்டில் இன்று அவள் வாயைத் திறக்கச் சொன்னாள்.
இழுத்தாள், வைத்திருந்தாள், விட்டாள்.
தாளைக் கிழித்து ஒன்று என்று எழுதினாள்.
பழைய நூற்றுப் பதினொன்றைக் கம்பியிலிருந்து எடுக்கவில்லை,
அதன் மேலேயே குத்தினாள்.
பிறகு தன் போனை
தலைமாட்டில் சார்ஜில் போட்டுவிட்டு
சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.