முப்பத்தேழு டிகிரி

மே மாதக் காரைக்குடியில்
இன்குபேட்டர் தண்டச்செலவு என்பது
எங்கள் ஆய்வகத்தின் பழைய கிண்டல்.

கோட்டையூரிலிருந்து அப்பாவின் ஆட்டோவில் வந்தான் சேவுகன்.
மேலே கயிறு போட்டுக் கட்டிய சக்கர நாற்காலி,
உள்ளே பதினாலு வயது.

போன ஆவணியில் அவன் தந்தது
ஒரு குப்பி மூத்திரம்.
அதில் மிதந்த சில செல்களைப் பிடித்து
பழைய வேலையை மறக்கடித்து
இதயமாக இருக்கக் கற்றுக்கொடுத்தோம்.
ஒன்பது மாதம் ஆயிற்று. கணக்கு தற்செயல்தான்.
போனில் சொன்னதும் சிரித்துச் சிரித்து இருமினான்:
"ஒண்ணுக்கிலேர்ந்தா அக்கா, ஹார்ட்டு?"

அந்த மரபணு மிக நீளம்,
எழுபத்தொன்பது பத்தி.
அவனுடையதில் நாற்பத்தைந்து முதல் ஐம்பது வரை
அச்சாகவே இல்லை.
அதற்கப்புறம் எழுத்தெல்லாம் இடம் மாறி
வாக்கியம் நடுவிலேயே அறுந்துபோகிறது.
கெண்டைக்கால் இதை ஐந்து வயதில் வாசித்துவிட்டது.
தொடை, ஒன்பதில்.
இதயம் எழுத்துக்கூட்டி மெல்லப் படிக்கிற பிள்ளை,
அதற்குள் ஏதாவது செய்ய வேண்டும்.

ஐம்பத்தொன்றையும் தாண்டி வாசிக்க வைத்தால்
வாக்கியம் கூடிவரும்,
சற்றே குட்டையாக, ஆனால் முற்றுப்புள்ளி வரைக்கும்.
தட்டின் மேல் வரிசைக்கு அந்த மருந்து.
கீழ் வரிசைக்கு வெறும் உப்புநீர்.

அதைப் பார்க்கத்தான் வந்திருந்தான்.
வாசலில் மூன்று படி.

நிதி கேட்டு நாங்கள் எழுதிய நாற்பது பக்கத்தில்
சாய்தளம் என்ற சொல் ஒரு இடத்திலும் இல்லை.
"தூக்கிட்டு வந்துடுறேன் டீச்சர்" என்றார் வெள்ளைச்சாமி.
"வேணாம்ப்பா" என்றான் பையன்.
அதற்கு மேல் யாரும் பேசவில்லை.

சுவர் வெப்பமானியைப் பார்த்தேன்.
முப்பத்தேழு.
உள்ளே இன்குபேட்டரின் பச்சை எண்ணும் அதுவேதான்.

மூன்று எக்ஸ்டென்ஷன் வயர், ஒரு மேசை,
குழந்தையைத் தூக்குவதுபோல் நுண்ணோக்கி.
கடைசியாகத் தட்டு.
கழுத்து குனியாது அவனுக்கு, லேப்டாப்பில் போட்டேன்.
வெயிலில் திரை கறுத்துக் கிடந்தது.
அப்பா தோள் துண்டை உதறி
திரைக்கும் பிள்ளைக்கும் சேர்த்துக் கூடாரம் போட்டார்.

துண்டுக்குள்ளிருந்து வெகுநேரம் சத்தமே இல்லை.
பிறகு,
"துடிக்குதுப்பா."

வெளியே அத்தனை வெக்கை, அது நிற்கவில்லை.
பிளசர் கார் ஒன்று ரோட்டில் ஹாரன் அடித்துப் போனது,
அதற்கும் நிற்கவில்லை.

கீழ் வரிசை திக்கித் திக்கித் துடித்தது,
இரண்டு துடிப்பு, ஒரு யோசனை, மறுபடி ஒன்று.
மேல் வரிசை ஏறக்குறைய தாளத்தில்.
"எது என்னோடது?"
"ரெண்டும்தான்."
அவன் அதை ஏற்றுக்கொண்டானா தெரியவில்லை.
வலது விரல்கள் இன்னும் கேட்கின்றன அவனை,
இடது மணிக்கட்டில் வைத்து எண்ண ஆரம்பித்தான்.
தொண்ணூற்றாறு.
திரையில், மேல் வரிசை நாற்பத்தொன்று.
"சோம்பேறி" என்றான், பாசமாக.

இந்த மருந்து உனக்கா என்று அவன் கேட்கவில்லை.
கேட்டிருந்தால்
எலி, அனுமதி, வருஷங்கள் என்று
நான் தயாராக வைத்திருந்த பதில் வீணானது.

கிளம்பும்போது கேட்டது வேறு:
"திரும்ப உள்ளே வச்சிருவீங்கல்ல?"
"ம்" என்றேன்.

தெருக்காற்று பட்ட தட்டு
மற்ற தட்டுகளோடு சேரக் கூடாது.
ஆட்டோ திரும்பும் வரை கையசைத்துவிட்டு
உள்ளே போய் பிளீச் ஊற்றினேன்.
மேல் வரிசை நிற்க நேரமாயிற்று,
அல்லது நான் பார்த்துக்கொண்டே நின்றதால்
அப்படித் தோன்றியது.

நோட்டில் எழுதினேன்:
தட்டு பதினாலு. வெளியே எடுக்கப்பட்டது. நிராகரிப்பு.
காரணம் என்ற கட்டத்தில்
மூன்று படி என்று எழுதி
அடிக்காமல் விட்டுவிட்டேன்.