எடைமேடை, இரவு ஷிப்ட்

லாரி ஏறினால் மேடை லேசாக நடுங்கும்.
நான் எண்ணை எழுதுகிறேன்:
நாலு டன் முந்நூற்று இருபது.
இதில் மழைத்தண்ணீர் எவ்வளவு என்று
யாரும் எழுதச் சொல்வதில்லை.
ஈர நாளில் உலை சூடேற டீசல் ஊற்றுவோம்.
அந்தக் கணக்கு வேறு நோட்டில்.

அவனியாபுரம் தாண்டி எங்கள் ஆலை.
மதுரை தூங்காது என்பார்கள்.
தூங்காத ஊரின் பார்சலெல்லாம்
விடிவதற்குள் இங்கே வந்து படுத்துக்கொள்ளும்.
கழுத்தில் ரப்பர் பேண்டோடு சால்னா கவர்,
நாலு மொட்டு அழுகிக் கிடக்கிற மல்லிகைப் பை,
பால் பாக்கெட்,
வைகையில் எவர் சாம்பலையோ கரைத்துவிட்டுத்
தான் கரையாமல் ஒதுங்கிய உறை.

பிரிக்கும் பெல்ட்டில் ஒச்சம்மா.
கையுறையைக் கழற்றிவிட்டுத்தான் தொடுவாள்.
நசுக்கி, காதருகே வைத்துச் சலசலப்பைக் கேட்டு
"இது பைப்பு வகையறா,
எரிஞ்சா தொண்டையில நிக்கும்"
என்று ஓரமாய் எறிவாள்.
எஞ்சினியர் அதையே
குளோரின் என்று படித்துவிட்டு வந்திருக்கிறார்.

பிறகு உலை. நீராவி. டர்பைன்.
நேற்றைய சால்னா கவர்
வயரில் ஏறி டவுனுக்குத் திரும்புகிறது.
மாஸ்டர் மாவை வீசும்போது
தலைக்கு மேல் டியூப்லைட்டில்
ஒரு மினுக்கு எங்களுடையது.
அவருக்குத் தெரியாது.
தெரிந்தால் டீ வாங்கித் தருவாரோ என்னவோ.

மிஞ்சிய சாம்பலை
பிளாஸ்டிக் சாக்கில் கட்டித்தான் அனுப்புகிறோம்.
அதையும் நான்தான் எடை போடுகிறேன்.

ஆடிக் காற்று அடித்த ஒரு ராத்திரி
கண்மாய்க்கரைத் தவசி வந்தார்,
கையில் துவைத்த வேட்டி.
கொடியில் கிடந்தது கறுப்புப் பொடியோடு.
புகைபோக்கித் திரையில்
எண்கள் எல்லாம் பச்சையாகவே இருந்தன.
"இதை எடை போடுங்க தம்பி."

விரித்து மேடை நடுவில் வைத்தார்.
பூஜ்யம்.
என் மேடைக்கு இருபது கிலோவுக்குக் கீழே கண் தெரியாது
என்று சொன்னேன்.
அவர் மறுபடி மடித்து வைத்தார்,
மடித்தால் கனக்கும் என்பதுபோல.

ஒச்சம்மா வந்து பார்த்தாள்.
ஓரத்தை விரலால் தேய்த்தாள்,
முகர்ந்தாள்,
காதருகே கொண்டுபோனாள்.
எந்த வகையறா என்று சொல்லவில்லை.
இடுப்பில் செருகியிருந்த கையுறையை எடுத்து
மாட்டிக்கொண்டு போனாள்.

அடுத்த லாரி ஹாரன் அடித்தது.
வேட்டியை எடுக்கச் சொன்னேன்.
ஆறு டன் நாற்பது.