வெற்றுக் குழாய்கள்

காலை ஏழுக்குக் கான்கிரீட் லாரி வரும்.
இப்போது இரவு பதினொன்று.
மாடியெல்லாம் எழும்பிவிட்டது, மிச்சம்
கார் நிறுத்தும் இந்தத் தரைதான்.
கம்பி வலைக்கு நடுவே குனிந்து
ஆரஞ்சுக் குழாய்களைக் கட்டுகிறோம்
நானும் ம்லுங்கிசியும்.
குழாய்க்குள் ஒன்றுமில்லை.
ஒரு நீல நைலான் கயிறு மட்டும்,
இரு முனையிலும் வால் நீட்டிக்கொண்டு.

மத்தியானம் பூபாலன் வந்திருந்தார்.
கட்டடத்துக்கு அவர் பெயர், கடனுக்கும் அவர் பெயர்.
வரைபடத்தின் மேல் கார்ச் சாவியை வைத்துவிட்டுக் கேட்டார்:
"நாற்பது இடம், நாற்பது குழாய்.
இந்த மவுண்ட் எட்ஜ்கோம் முழுக்க
மின்சாரக் கார் எத்தனை ஓடுது, சொல்லு சரோஷினி."
எண்ணினேன். நான் பார்த்தது மூன்று.
அதில் ஒன்று கடைக் கண்ணாடிக்குள் நிற்கிறது.
அவர் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது.
சிரித்தபடியே முப்பதைச் சிவப்பில் அடித்தார்.

எனக்கு வாதாட வராது, விலை சொல்ல வரும்.
இன்றைக்குக் குழாய் ஒன்றுக்கு ஆகும் காசில்
இரண்டு பேர் டர்பனில் மதியம் சாப்பிடலாம்.
தரை இறுகிய பிறகென்றால்
வைர முனைத் துளையான், தூசி,
வாடகைக்கு வரப்போகும் பல் மருத்துவரின்
வக்கீல் கடிதம்.
சொன்னேன்.
"அப்போ பார்த்துக்கலாம்" என்றார்.
அப்போ என்பது
எப்போதும் வேறொருவரின் வேலை நேரம்.

கூரைக்கு மட்டும் அவர் கை தாராளம்.
கூரை நெடுஞ்சாலையிலிருந்து தெரியும்.
சென்னையிலிருந்து போனில் வாஸ்து பார்த்தவர்
சூரியத் தகடெல்லாம் தெற்கு பார்க்கட்டும் என்றாராம்.
இங்கே சூரியன் வடக்கே நடக்கிறது ஐயா,
பூகோளத்தைக் கவிழ்த்துப் பிடியுங்கள் என்று
சொல்லியனுப்பினேன்.
இருநூற்றுப் பன்னிரண்டும் வடக்கே சாய்ந்தன.

குழாய்கள் ஏற்கெனவே வந்து இறங்கியவை.
நாளை திருப்பி அனுப்பச் சொல்லியிருக்கிறார்.
பொறியாளர் ஒப்பமிட்ட முதல் வரைபடத்தில்
நாற்பதும் இருக்கிறது.
விலை என் கணக்கில் கழியட்டும்.
ம்லுங்கிசி எதுவும் கேட்கவில்லை;
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
முப்பத்தொன்றாவதை முடிச்சிட்டான்.

ஜூலையில் கரும்புக் காட்டுக்குத் தீ வைத்தார்கள்.
கறுப்புச் சாம்பல் பறந்து வந்து
தகடுகளில் படுத்தது.
மீட்டரில் நூற்றுக்கு ஒன்பது குறைந்தது.
என் பாட்டனுக்குப் பாட்டன் வெட்டிய கரும்பு என்று
உருகலாம்தான்.
உருகினால் யூனிட் ஏறாது.
ம்லுங்கிசி தண்ணீர்க் குழாயோடு ஏணி ஏறினான்.
மேலே குரங்குகள் ஏழெட்டு
தகட்டுச் சூட்டில் முதுகு காய்ந்துகொண்டிருந்தனவாம்.

அக்டோபரில் திறப்பு விழா.
பத்து சார்ஜர், பச்சை விளக்கு.
முதலாவதை அடைத்தபடி
பூபாலனின் டீசல் வண்டி.
கடைசி இடத்தில் மட்டும்
முடி அலங்காரக் கடை ந்தாபிசெங்கின்
சின்ன வெள்ளைக் கார்,
வயரைக் கடித்துக்கொண்டு தூங்கியது.

ஆறு மணிக்குத் தெரு முழுக்க மின்வெட்டு.
எங்கள் லிஃப்ட் நிற்கவில்லை.
பேட்டரி அறைக்கு ஓடிப் பார்த்தேன்:
லிஃப்டுக்கு முதல் பங்கு, விளக்குக்கு அடுத்தது,
காருக்கு மிச்சம்.
பந்தியில் இலை கூடினால் கரண்டி சிறுக்கும்;
அந்தக் கணக்கை எழுத
எனக்கு நான்கு மாதம் பிடித்தது.
மேலே யாரோ கைதட்டினார்கள்,
பேச்சாளருக்காக இருக்கும்.

திரும்பும் வழியில் முப்பத்தேழாம் தூண்.
சுவரில் நீட்டியிருந்த நீலக் கயிற்றில்
காவலர் ஒருவர் குடையை மாட்டியிருந்தார்.
குடையைக் கழற்றிவிட்டு
மெல்ல இழுத்துப் பார்த்தேன்.

தரைக்கடியில் எங்கும் சிக்கவில்லை.
தூரத்துச் சுவரோரம், இருட்டில்,
மறுமுனை வால் ஒரு விரல் நீளம்
உள்ளே போனது.

குடையைத் திரும்ப மாட்டிவிட்டு வந்தேன்.