கத்தரி பட்டால்

டுலூத்தில் பனி விடாத பிப்ரவரி.
பலகையில் நாணயக் கடை என்றிருந்தாலும்
பாதி நாள் நான் வழி சொல்லும் ஆள்தான்.

வெர்னா ஹால்வர்சன் அதைச் சுருட்டிக்கொண்டு வந்தாள்.
விரித்தால் மறுபடி சுருண்டது. முனைக்கொன்றாய்
பழைய வெள்ளி டாலர்களை எடுத்தேன்.
மூன்றுக்குத்தான் வேலை இருந்தது.
நான்காவது முனை இல்லை.

வெட்டாத தாள்: முப்பத்திரண்டு ஒற்றை டாலர்,
ஒட்டிப் பிறந்தவை.
தோளோடு தோள் இருந்தும்
அடுத்தடுத்த எண் கிடையாது.
அடுத்த எண், அடியில் கிடந்த தாளில், இதே இடத்தில்.
அது இப்போது எவர் வீட்டுச் சுவரிலோ.

முழுசென்றால் எழுபது கொடுப்பேன்.
கத்தரி பட்டதும் அது பணமாகிவிடுகிறது,
வெறும் பணம்.
எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன்,
ஒருவரும் சிரித்ததில்லை.

"துணி துவைக்க," என்றாள்.
இரவு பதினொன்று, பிள்ளை வாந்தியெடுத்த விரிப்பு.
அவசரத்தில் கோணலாய் வெட்டிவிட்டாள்.
இயந்திரம் மூன்று முறை துப்பியது.

பர்ஸிலிருந்து எடுத்து மூலையில் வைத்தாள்.
பொருந்தியது,
மயிரிழை வெளிச்சம் தவிர.

"ஒட்டினால்?"
"ஒட்டினாலும்."

என் கத்தரியையே கேட்டாள்.
இம்முறை நேராக வெட்டினாள், நாக்கு நுனியைக் கடித்தபடி.
எல்லாவற்றுக்கும் கால் டாலராகவே வேண்டுமாம்.
நூற்று இருபத்தெட்டு. எண்ணுவது என் பிழைப்பு,
இருந்தும் நடுவில் தப்பி, முதலிலிருந்து தொடங்கினேன்.

கோட்டுப் பை ஒரு பக்கம் இழுக்க
பனியில் சாய்ந்து நடந்து போனாள்.

கோணல் நோட்டு கல்லாவில்.
நான்கு நாளாய்
சில்லறை கொடுக்கும்போதெல்லாம்
விரல் அதைத் தாண்டிப் போகிறது.