கை சுத்தம்

சால்மன் ஆலையில் எனக்கு இரவு முறை.
குடலை எடுப்பது, குளிர்நீரில் அலசுவது,
பனிக்கட்டிப் பெட்டியில் தலைமாற்றி அடுக்குவது.
ரப்பர் கையுறைக்குள்ளும் நுழைந்துவிடுகிறது வாடை.
எலுமிச்சை, சோப்பு, காப்பித்தூள்
எதற்கும் மசிவதில்லை.
கை சுத்தமில்லாதவன் என்று
ஊரே சொல்லி முடித்தபின்
நாறினால் என்ன, விட்டுவிட்டேன்.

ஃபாரோத் தீவில் ஊர் என்றால்
புல் முளைத்த நாற்பது கூரை,
தார் பூசிய ஒரு மரக்கோயில்.
பதினான்கு வருடம் அதில் நான் போதகர்.
கறுப்பு அங்கி, கழுத்தைச் சுற்றிக்
கஞ்சி போட்ட வெள்ளை மடிப்புப் பட்டை.
குனிந்தால் கசங்கும் என்று
குனியாமலே பழகிவிட்டேன்.

ஸ்வானுர் படகு ஒன்பது பேரோடு மூழ்கிய வருடம்
விதவைகளுக்குத் திரட்டிய நிதி
என் இழுப்பறையில் இருந்தது.
முதலில் கடனாகத்தான் எடுத்தேன்.
எல்லாத் திருடனும் முதலில் கடன்காரன்.
எதற்குச் செலவழித்தாய் என்று கேட்காதீர்கள்.
சொன்னால் அது
காரணம் போலக் கேட்கும்.

அந்த ஞாயிறுகளிலும் பிரசங்கம் செய்தேன்.
நன்றாகவே செய்தேன்.
இன்றுவரை என்னைப் பயமுறுத்துவது அதுதான்.

டென்மார்க் சிறையில் பதினெட்டு மாதம்.
மன்னிப்பு கேட்டு ஒன்பது கடிதம் எழுதினேன்.
ஒன்று பிரிக்காமலே திரும்பி வந்தது.
சுன்னிவாவின் வீட்டிலிருந்து.

இருபத்துமூன்று வயதில், முழங்காலில் நின்றபோது
ஒரு அழைப்பு வந்தது என்று
எல்லோரிடமும் சொல்லித் திரிந்தவன் நான்.
ஐம்பத்தாறில், ஜனவரிப் புயல் இரவில்
மீன் ரத்தம் வடிய நிற்கையில்
சட்டைப்பை அதிர்ந்தது.

"புதுப் போதகர் அக்கரையில் மாட்டிக்கொண்டார்.
படகு ஓடவில்லை.
என் தம்பி ஹோக்னி விடியும்வரை தாங்கமாட்டான்."

"சுன்னிவா, எனக்கு இப்போது அங்கி கிடையாது.
ஜெபிக்கக்கூட…"

"அங்கியை யார் கேட்டது?
அவனைப் புரட்டிப் படுக்கவைக்க ஆள் வேண்டும்.
என் இடுப்பு போய்விட்டது. வா."

போனேன்.
ஈர விரிப்பை உருவினேன். புதிது போட்டேன்.
வெந்நீரில் துணி நனைத்து
முதுகு, அக்குள், தொடை இடுக்கு,
கடைசியில் பாதம்.
கப்பல் கயிறு போல் வெடித்திருந்தது குதிகால்.
நான் படித்த இறையியலில்
இவ்வளவு கனமாக ஒரு கால் இருந்ததில்லை.

கண் திறந்தான் ஹோக்னி.
முகர்ந்தான்.
"சால்மனா?"
"ஆமாம்."
"பணம் எல்லாம் அடைத்துவிட்டாயா?"
"இன்னும் பதினொரு வருடம் இருக்கிறது."
நெஞ்சுக்குள் கரகரவென்று ஏதோ. சிரிக்கிறான்.
"அப்போ பதினொரு வருடம்
வேலை இருக்கிறது உனக்கு.
எனக்கு அதுகூட இல்லை."

பிறகு, "ஏதாவது சொல்லு" என்றான்.
நாற்பது பிரசங்கம் நாக்கில் வந்து நின்றது.
எல்லாவற்றையும் விழுங்கினேன்.
"ஆண்டவரே, இது ஹோக்னி.
களைத்திருக்கிறான்" என்றேன்.
அதற்குமேல் எனக்கு வரவில்லை.
காற்று கூரைப்புல்லைப் பிடித்து உலுக்கியது.
ஐந்து மணிக்கு அவன் போனான்.

சுன்னிவா தாடையைக் கட்டினாள். நான் ஜன்னலைத் திறந்தேன்.
நன்றி என்று அவள் சொல்லவில்லை.
மன்னித்தேன் என்றும்.
வாசலில் பூட்ஸ் மாட்டுகையில்
உள்ளே மேசை இழுப்பறை திறக்கும் சத்தம்.
வெள்ளிக் கரண்டிகளை எண்ணுகிறாள்,
ஒன்று, இரண்டு, மூன்று,
எனக்குக் கேட்கும்படியாகவே.

முகம் எரிந்தது.
எரியட்டும்.
பன்னிரண்டுவரை எண்ணி முடிக்கும்வரை
படியிலேயே நின்றேன்.

கதவு ஒரு கை அகலம் திறந்தது.
"மேல்வீட்டு ரன்வாவுக்கும் எழுந்திருக்க முடியவில்லை.
வியாழன் காலியா நீ?"

இரவு முறை ஆறுக்கு முடியும் என்றேன்.

"கையைக் கழுவிவிட்டு வா," என்றாள்.
கொஞ்சம் யோசித்து,
"கழுவாவிட்டாலும் வா."