பதினேழாயிரத்து எண்ணூற்று நாற்பது

டாக்டர் ஸ்லாமோவா பில்லை நீட்டியபோது
ஷ்புன்ட் இன்னும் மயக்கத்தில் கிடந்தான்.
நாக்கு ஒரு பக்கமாகத் தொங்கியது,
யாரோ பாதி கழற்றிவிட்டுப் போன காலுறை போல.

இருபத்து மூன்று தையல்.
எக்ஸ்ரே இரண்டு.
சீழ் வடிய ஒரு குழாய்.
ஞாயிறு, இரவு பத்துக்கு மேல் என்பதால் தனிக் கட்டணம்.
கழுத்துக்கு பிளாஸ்டிக் புனல், முந்நூற்றுப் பன்னிரண்டு கொருனா.
கடைசி வரி: பற்காறை நீக்கம், அறுநூறு.
"மயக்கத்தில்தானே இருந்தான், அதையும் முடித்துவிட்டேன்" என்றார்,
நல்ல செய்தி சொல்பவர் போல.

ஒலொமோட்ஸ் ரயில் நிலையத்தில்
நாலாம் கவுன்ட்டர் என்னுடையது.
இருபத்தோரு வருஷமாக, ஷட்டரை இறக்குமுன்
பெட்டியில் உள்ளதும் தாளில் உள்ளதும்
ஒரு கொருனா பிசகாமல் ஒத்துப்போக வேண்டும்.
பிசகினால் என் கைக்காசு.
கணக்குக்கு நான் பயந்தவளில்லை.

அவனைத் துண்டில் சுற்றி அடுப்பருகே கிடத்திவிட்டு
பில்லோடும் பென்சிலோடும் உட்கார்ந்தேன்.
தையல் ரடோவானுடையது,
கடித்தது அவன் வீட்டு ப்ரோக்.
எக்ஸ்ரே அவனுடையது.
ராத்திரிக் கட்டணம்?
காலைவரை பொறுத்திருக்கலாமே என்று ஒருவன் கேட்கலாம்,
ரத்தத்தைப் பார்க்காத ஒருவன்.
பற்காறை மட்டும் எங்களுடையது. ஷ்புன்டும் நானும்
பத்து வருஷமாக ஒரே தட்டில்
பன்றிக்கொழுப்பு தடவிய ரொட்டி தின்றவர்கள்.

பென்சில் நின்றது
பில்லில் இல்லாத ஒரு வரியில்.

வால்நட் மரத்துக்குப் பின்னால், வேலியில்
கீழ் ஆணி கழன்ற ஒரு பலகை.
அக்டோபரிலேயே பார்த்தேன்.
காலால் தள்ளியதும் கதவு போல ஆடியது.
இலை உதிர்ந்து முடியட்டும், அப்புறம் அடிக்கலாம் என்று
ஆணி டப்பாவை எடுத்து ஜன்னலில் வைத்தேன்.
பத்திரப்படி வேலி என் பொறுப்பு.
டப்பா இன்னும் ஜன்னலில்தான் இருக்கிறது.

புதன்கிழமை வந்தான்.
மால்ட் ஆலையிலிருந்து நேராக,
புருவத்தில் பார்லித் தூசியோடு.
நான் வாயைத் திறக்குமுன் எவ்வளவு என்று கேட்டான்.
இன்ஷூரன்ஸ் வசந்தத்திலேயே காலாவதி.
யிட்காதான் கட்டிக்கொண்டிருந்தாள், அவள் போனபின்
எந்தக் கடிதத்தையும் பிரிக்கவில்லை என்றான்.
பிறகு மேசையைப் பார்த்தபடி:
"ப்ரோக்கை ஊசி போட்டு முடித்துவிட வேண்டுமென்றால்
சொல்லுங்கள்."

வேண்டாம் என்றேன்.
அன்று யோசிக்காமல் நான் சொன்னது அது ஒன்றுதான்.

கேட்டைச் சரியாகச் சாத்தவில்லையோ என்று
வெண்டுலா மூன்று நாளாக அழுகிறாளாம். எட்டு வயசு.
"நாய் கேட் வழியாக வரவில்லை, அவளிடம் சொல்."
பின் எப்படி வந்தது என்று அவன் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.
இதை எனக்கு நானே
பல முறை சொல்லியாகிவிட்டது.

பணம் ஒரு பழைய கவரில் இருந்தது.
மேலே பச்சை மையில், குழந்தைக் கையெழுத்தில்
'பனிச்சறுக்கு முகாம்' என்று எழுதி, குறுக்கே ஒரு கோடு.
கோடு பெரியவர்களுடைய கோடு.
விரலை நனைத்து அவன் எதிரிலேயே எண்ணினேன்,
பழக்கதோஷம்.
சரியாக இருந்தது.
அறுநூறைத் திருப்பிக் கொடுத்தேன்.
"பல் சுத்தம் செய்த காசு. அது உன் கணக்கில் வராது."
நேர்மையான மனுஷி என்றான்.

பலகைக்காக நான் எதையும் கழிக்கவில்லை.

சனிக்கிழமை சுத்தியல் சத்தத்தில் எழுந்தேன்.
பனிமூட்டம். வால்நட் மரம் பாதிதான் தெரிந்தது.
அவன் பக்கத்திலிருந்து அடித்துக்கொண்டிருந்தான்.
ஆணிகளின் கூர், ஒவ்வொன்றாக,
என் பக்கம் எட்டிப் பார்த்தது.

கோட்டை மாட்டிக்கொண்டு போனேன்.
என் சுத்தியலால் கூர்களை மடக்கினேன்.
ஒவ்வொரு தட்டலுக்கும் ப்ரோக் அந்தப் பக்கம் குரைத்தது.
ஷ்புன்ட் படியில் நின்று
புனலை இப்படியும் அப்படியும் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"பலகை என்ன விலை?" என்றேன், வேலிக்கு மேலாக எட்டி.
"பழசுதான்" என்றான்.
வாயில் இன்னும் இரண்டு ஆணிகளைக் கவ்வியிருந்தான்.
வேறு ஏதோகூடச் சொன்னான்.
எனக்குப் புரியவில்லை.
திரும்பச் சொல்லச் சொல்லி நான் கேட்கவுமில்லை.